தொடர் ஆய்வறிக்கைகளைக் கோத்து ஒரு சமூகப் பிரச்சினையின் போக்கைக் கண்டறிவது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஒரு சமூகப் பிரச்சினை கூடுகிறதா குறைகிறதா என்று சொல்ல வேண்டுமென்றால், ஆண்டுதோறுமோ சில ஆண்டுகளுக்கு ஒருமுறையோ வெளிவரும் ஆய்வறிக்கைகளைத்தான் தேடிப் போகிறோம். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் முதலில் செய்வது அநேகமாக ஒன்றேதான்: எல்லா அறிக்கைகளையும் இறக்கி, ஒவ்வொன்றின் முன்பக்கத்தில் பெரிதாக அச்சிட்டிருக்கும் எண்ணை எடுத்து, எக்செலில் வரிசையாகப் போட்டு, ஒரு கோடு இழுத்துவிடுவார்கள். அரை மணி நேர வேலை. கிடைப்பது பெரும்பாலும் தப்பான கோடு.

எவ்வளவு தப்பாகலாம் என்பதற்கு ஒரு உதாரணம். உலகப் பசி நிலவரம் பற்றி ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பும் அதன் கூட்டாளிகளும் ஆண்டுதோறும் ஓர் அறிக்கை வெளியிடுகிறார்கள். 2019 பதிப்பு, 2018இல் 82 கோடிக்கும் அதிகமானோர் பசியில் இருந்ததாகச் சொன்னது. 2020 பதிப்பு, 2019இல் சுமார் 69 கோடி என்றது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஒரே ஆண்டில் 13 கோடிப் பேர் பசியிலிருந்து மீண்டுவிட்டது போலத் தெரியும். நடந்தது அதுவல்ல. இடையில் சீனா உள்ளிட்ட நாடுகளின் தரவு புதுப்பிக்கப்பட்டு, பழைய ஆண்டுகளின் எண்கள் எல்லாமே கீழே இறங்கின. அதே 2020 பதிப்பு உள்ளே என்ன சொன்னது தெரியுமா? ஓராண்டில் பசித்தவர்கள் சுமார் 1 கோடி கூடியிருக்கிறார்கள் என்று! போக்கின் திசையே தலைகீழ்.

அதனால் இந்த வழிகாட்டியில் எண்ணை எடுப்பது ஆறாவது படியில்தான் வருகிறது. அதற்கு முன்னால் உள்ள ஐந்தும் கேள்வியையும் ஆட்களையும் தேதியையும் பார்ப்பதற்கு. அந்த ஐந்தைத் தாண்டிக் குதிக்கிறவர்கள்தான் பின்னால் திரும்பி வந்து எல்லாவற்றையும் மறுபடி செய்கிறார்கள்.

## தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒவ்வொரு சுற்றின், அதாவது அந்த ஆய்வு நடத்தப்பட்ட ஒவ்வொரு முறையின், முழு அறிக்கை வேண்டும். பத்திரிகைக் குறிப்பு, நான்கு பக்கச் சுருக்கம், கண்ணைக் கவரும் தகவல் படம் எதுவும் போதாது, ஏனென்றால் நமக்குத் தேவையானது அநேகமாகப் பின்னிணைப்பிலும் அடிக்குறிப்பிலும்தான் இருக்கும். கூடவே ஒவ்வொரு சுற்றின் வினாப்பட்டியல். சில ஆய்வுகளில் இது அறிக்கையின் கடைசியில் இருக்கும், சிலவற்றில் தனிக் கோப்பாக இருக்கும், தேடிப் பிடியுங்கள்.

அப்புறம் இரண்டு வெற்றுத் தாள்கள், அல்லது இரண்டு எக்செல் பக்கங்கள். ஒன்று எண்களுக்கு. இன்னொன்று நாட்குறிப்புக்கு: எந்த முடிவை ஏன் எடுத்தீர்கள் என்று ஒரு வரி. இரண்டாவதை யாரும் வைத்துக்கொள்வதில்லை. ஆறு மாதம் கழித்து "இந்த 2005 எண்ணை ஏன் விட்டோம்?" என்று கேட்டால் பதில் சொல்ல ஆளிருக்காது.

கோப்புப் பெயரில் சுற்றின் எண், களப்பணி ஆண்டு, வெளியான ஆண்டு மூன்றையும் போடுங்கள். 'final_report' என்பது போன்ற பெயரில் ஐந்து கோப்புகள் கிடந்தால் எது எந்தச் சுற்று என்பது சீக்கிரமே குழம்பிவிடும்.

## 1. பிரச்சினையை ஒரு வரிக் கேள்வியாகச் சுருக்குங்கள்

"பெண்களின் நிலை மேம்பட்டிருக்கிறதா" என்பதை எந்த ஆய்வும் அளப்பதில்லை. "20 முதல் 24 வயதுப் பெண்களில் 18 வயதுக்கு முன் திருமணமானவர்கள் எத்தனை சதவீதம்" என்பதை அளக்கிறார்கள். உங்கள் கேள்வியில் நான்கு விஷயம் இருக்க வேண்டும்: யாரில், என்ன, எந்தக் காலத்தில், எந்த நிலப்பரப்பில். இந்த நான்கில் ஒன்று விடுபட்டாலும் பின்னால் இரண்டு சுற்றுகள் ஒத்துப்போகின்றனவா என்று சோதிக்க வழி இருக்காது.

இப்படி அளக்கப்படும் எண்ணைக் குறிகாட்டி என்பார்கள். இந்தக் குழந்தைத் திருமணக் குறிகாட்டியிலேயே கொஞ்சம் நிற்கலாம், ஏனென்றால் 'எந்தக் காலத்தில்' என்பது எவ்வளவு வழுக்கலானது என்பது இதில் நன்றாகத் தெரியும். இந்தியாவின் தேசிய குடும்ப நல ஆய்வில் இது 2005-06இல் 47.4%, 2015-16இல் 26.8%, 2019-21இல் 23.3%. ஏன் 20-24 வயதுக்காரர்களிடம் கேட்கிறார்கள்? 16 வயதுப் பெண்ணுக்கு இன்னும் 18 ஆகவில்லை. நாளைக்கே கல்யாணம் ஆகலாம். அவரை இன்று 'ஆகவில்லை' என்று கணக்கில் சேர்த்தால் எண் பொய்யாகக் குறையும். சரி, அது நியாயமான காரணம். ஆனால் விளைவைப் பாருங்கள்: இன்று 24 வயதான பெண்ணுக்கு 14 வயதில் திருமணம் நடந்திருந்தால் அது பத்தாண்டுக்கு முந்தைய நிகழ்வு. 2019-21 எண் பேசுவது 2010களில் நடந்த திருமணங்களைப் பற்றித்தான். 2019இல் தொடங்கிய ஒரு திட்டத்தின் பலனை இந்த எண்ணில் தேடுவது வீண்.

சிசு மரண விகிதமும் இப்படித்தான். இந்த வகைக் குடும்ப ஆய்வுகளில் பொதுவாக ஆய்வுக்கு முந்தைய ஐந்தாண்டுகளைச் சேர்த்தே கணக்கிடுவார்கள். வேலையின்மையோ பெரும்பாலும் கடந்த ஏழு நாளைப் பற்றிய கேள்வி. ஆகவே உங்கள் குறிகாட்டி எவ்வளவு தூரம் பின்னால் பார்க்கிறது என்பதை முதல் நாளிலேயே நாட்குறிப்பில் எழுதிவிடுங்கள்.

## 2. எண்ணே இல்லாத ஒரு அட்டவணை போடுங்கள்

ஒரு சுற்றுக்கு ஒரு வரி. நெடுவரிசைகள் இவை: களப்பணி தொடங்கிய மாதம், முடிந்த மாதம், வெளியான ஆண்டு, எத்தனை குடும்பங்கள் அல்லது நபர்கள், எந்தப் பகுதிகள் விடுபட்டன, நேரில் கேட்டார்களா போனிலா இணையத்திலா, எந்த நிறுவனம் நடத்தியது. குறிகாட்டி எண்ணை இப்போது எழுத வேண்டாம். எண்ணைப் பார்த்தவுடன் மனம் ஒரு கதையைப் பிடித்துக்கொள்ளும். அதற்குப் பிறகு அந்தக் கதைக்கு ஒத்துவராத அடிக்குறிப்புகள் கண்ணில் படுவதே இல்லை.

அறிக்கையின் அட்டையில் இருக்கும் ஆண்டை நம்பாதீர்கள். தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் கட்டம் ஜூன் 2019 முதல் ஜனவரி 2020 வரை சில மாநிலங்களில் நடந்தது. இரண்டாம் கட்டம் ஜனவரி 2020இல் தொடங்கி, பெருந்தொற்றில் நின்று, ஏப்ரல் 2021 வரை மற்ற மாநிலங்களில் நடந்தது. ஆக நாடு முழுவதற்குமான அந்த ஓர் எண்ணுக்குள் கொரோனாவுக்கு முந்தைய காலமும் கொரோனா காலமும் கலந்து கிடக்கின்றன. அதைவிட முக்கியம், ஒரு மாநிலத்தையும் இன்னொரு மாநிலத்தையும் அதே சுற்றுக்குள் ஒப்பிடும்போதுகூட இரண்டும் ஒரே காலமா என்று பார்க்க வேண்டியிருக்கிறது. அட்டையில் இருப்பதோ வெறும் '2019-21'.

எவ்வளவு நுணுக்கமாக இறங்க முடியும் என்பதும் இந்த அட்டவணையிலேயே தெரிந்துவிடும். அதே ஆய்வின் மூன்றாம் சுற்றில் சுமார் 1.09 லட்சம் குடும்பங்கள், நான்காம் சுற்றில் 6 லட்சத்துக்கும் மேல். நாட்டின் எல்லா மாவட்டங்களுக்கும் தனித்தனி எண் கிடைக்கத் தொடங்கியது நான்காம் சுற்றிலிருந்துதான். அதற்கு முன்பிருந்து மாவட்டப் போக்கு வேண்டும் என்றால் இந்த ஆய்வில் கிடைக்காது. இதை இப்போதே தெரிந்துகொண்டால் ஒரு வார வேலை மிச்சம்.

## 3. புதிய அறிக்கையிலிருந்து பின்னோக்கி வாசியுங்கள்

இயல்பாக எல்லோரும் பழையதில் தொடங்கி முன்னோக்கி வருவார்கள். மாற்றிச் செய்யுங்கள். காரணம், புதிய அறிக்கையில் அநேகமாக ஒரு போக்கு அட்டவணை இருக்கும், அதில் பழைய சுற்றுகளின் எண்களைப் புதிய வரையறைப்படி அவர்களே மறுபடி கணக்கிட்டுத் தந்திருப்பார்கள். 'முந்தைய சுற்றுகளுடன் ஒப்பிடுவது பற்றி' என்ற மாதிரி ஒரு பகுதியும் எங்காவது ஒளிந்திருக்கும். எதை எதோடு ஒப்பிடக் கூடாது என்று ஆய்வை நடத்தியவர்களே சொல்லிவிடும் இடம் அது, முதலில் வாசிக்க வேண்டியதும் அதுதான்.

ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் மனித வளர்ச்சி அறிக்கை இதற்கு நல்ல பாடம். அதில் வரும் மனித வளர்ச்சிக் குறியீட்டைக் கணக்கிடும் முறையையே 2010இல் மாற்றினார்கள். அதன் பிறகும் அடிப்படைத் தரவுகள் தொடர்ந்து திருத்தப்படுகின்றன. அதனால் ஒரு பதிப்பின் மதிப்பையும் தரவரிசையையும் இன்னொரு பதிப்போடு ஒப்பிடாதீர்கள், ஆண்டுவாரி மாற்றத்துக்கு அந்தப் பதிப்பிலேயே உள்ள போக்கு அட்டவணையைப் பாருங்கள் என்று அவர்களே எச்சரிக்கிறார்கள். இருந்தும் அறிக்கை வரும் ஒவ்வொரு முறையும் "நாடு இத்தனை இடம் முன்னேறியது, இத்தனை இடம் சறுக்கியது" என்று செய்தி வராமல் இருப்பதில்லை.

விதி இதுதான்: ஒரு கோட்டில் உள்ள எல்லாப் புள்ளிகளும் ஒரே பதிப்பிலிருந்து வரட்டும். அது முடியாதபோதுதான் பதிப்புகளைக் கலக்கலாம், அதற்கு அடுத்த இரண்டு படிகளையும் கடந்திருக்க வேண்டும்.

## 4. வரையறையையும் 'யாரில்' என்பதையும் வரிக்கு வரி ஒப்பிடுங்கள்

நேரத்தை அதிகமாகச் செலவழிக்க வேண்டிய படி இது. குறிகாட்டியின் பெயர் அப்படியே இருக்கும், உள்ளே இருப்பது மாறியிருக்கும். பெயரை ஒப்பிட்டுப் பயனில்லை. சுற்றுவாரியாக வரையறை வாசகத்தை அப்படியே வெட்டி, ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக ஒட்டி, வித்தியாசப்படும் சொற்களுக்கு வண்ணம் தீட்டுங்கள்.

குழந்தைகளிடம் வயதுக்கேற்ற உயரம் இல்லாமை பற்றிய எண்ணைப் பாருங்கள். தேசிய குடும்ப நல ஆய்வின் முதல் சுற்று 4 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை அளந்தது, இரண்டாம் சுற்று 3 வயதுக்கு உட்பட்டவர்களை, மூன்றாம் சுற்று 5 வயதுக்கு உட்பட்டவர்களை. அது போதாதென்று 2006இல் உலக சுகாதார நிறுவனம், எந்த வயதில் எவ்வளவு உயரம் இருக்க வேண்டும் என்று ஒப்பிடப் புதிய வளர்ச்சித் தரநிலைகளை வெளியிட்டது. விளைவு, ஒரே மூன்றாம் சுற்றுக்கு இரண்டு எண்கள் புழக்கத்தில் வந்தன: 3 வயதுக்குட்பட்டவர்களுக்குப் பழைய அளவுகோலில் 38%, 5 வயதுக்குட்பட்டவர்களுக்குப் புதிய அளவுகோலில் 48%. நான்காம் சுற்றில் 38.4%. தப்பான எண்ணைப் பக்கத்தில் வைத்தவர் "பத்தாண்டில் ஒன்றுமே நகரவில்லை" என்று எழுதுவார். சரியானதை வைத்தவர் "ஏறக்குறைய 10 சதவீதப் புள்ளி இறங்கியிருக்கிறது" என்று எழுதுவார். இருவர் கையிலும் இருப்பது அதிகாரபூர்வ ஆவணம்தான்.

'யாரில்' என்பதிலும் இதே கவனம் வேண்டும். அந்த ஆய்வின் முதல் இரண்டு சுற்றுகளில் திருமணமான பெண்களிடம் மட்டுமே பேசினார்கள், மூன்றாம் சுற்றிலிருந்துதான் திருமணமாகாதவர்களும் வந்தார்கள். "பெண்களில் இத்தனை சதவீதம்" என்று இருந்தால் எந்தப் பெண்களில் என்று கேளுங்கள். நிலப்பரப்பும் மாறும். மாநிலங்கள் பிரியும், எல்லைகள் நகரும். பிசா என்ற சர்வதேச மாணவர் மதிப்பீட்டில் சீனாவின் பெயரில் 2009, 2012 இரு முறையும் தரவரிசையில் இடம்பெற்றது ஷாங்காய் மட்டும். 2015இல் பெய்ஜிங், ஷாங்காய், ஜியாங்சு, குவாங்டாங். 2018இல் குவாங்டாங் போய் ஜெஜியாங் வந்தது. இவற்றைக் கோத்து 'சீன மாணவர்களின் போக்கு' என்று ஒரு கோடு போட்டால் அது எந்த ஊர் மாணவர்களின் போக்கு?

எல்லைக் கோடுகள் மாறுவதையும் மறக்காதீர்கள். உலக வங்கியின் கடும் வறுமைக் கோடு 2015இல் ஒரு நாளைக்கு 1.90 டாலர் ஆனது, 2022இல் 2.15, 2025இல் 3.00. நாடுகளுக்கிடையிலான விலை ஒப்பீட்டுத் தரவு புதுப்பிக்கப்படும்போதெல்லாம் இப்படி நகரும், கூடவே பழைய ஆண்டுகளுக்கும் புதிய கோட்டின்படி எண் தருவார்கள். பழைய கட்டுரையிலிருந்து ஒன்று, புதிய இணையப் பக்கத்திலிருந்து ஒன்று என்று எடுக்காமல் இருந்தால் போதும்.

உலகத் தொழிலாளர் அமைப்பு தொடர்பான ஒரு மாற்றமும் தெரிந்திருக்க வேண்டும். 2013இல் நடந்த 19ஆவது சர்வதேசத் தொழிலாளர் புள்ளியியலாளர் மாநாடு, சொந்தப் பயன்பாட்டுக்காக மட்டும் உற்பத்தி செய்பவர்களை 'வேலையில் இருப்பவர்' என்ற கணக்கிலிருந்து வெளியே எடுத்தது. சாப்பாட்டுக்காக மட்டும் பயிர் வைக்கும் குடும்பங்கள் அதிகமுள்ள நாடு இந்த வரையறைக்கு மாறினால், அந்த ஆண்டு பெண்களின் வேலை விகிதம் சடாரென விழுந்ததாகத் தெரியும். வயலில் எதுவும் மாறியிருக்காது.

## 5. கேட்ட விதம் மாறியதா என்று பாருங்கள்

வரையறை ஒன்றே, ஆனால் கேள்வி வேறு. இதைக் கண்டுபிடிக்கத்தான் வினாப்பட்டியலைக் கையில் வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

இந்தியாவின் தேசிய மாதிரி ஆய்வு 1999-2000இல் நடத்திய 55ஆவது சுற்றில், வீட்டின் உணவுச் செலவைக் கடந்த 30 நாளுக்கும் கடந்த 7 நாளுக்கும் பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களில் கேட்டார்கள். மனிதர்கள் இரண்டு பதில்களையும் ஒத்துப்போக வைக்கப் பார்ப்பார்கள். ஒரு கட்டத்தின் பதில் அடுத்த கட்டத்துக்குக் கசியும். அந்தச் சுற்றின் வறுமை எண்ணை 1993-94 எண்ணோடு ஒப்பிடலாமா என்று பொருளாதார நிபுணர்கள் ஆண்டுக்கணக்கில் வாதாடினார்கள். ஒரு கேள்வித்தாளில் இரண்டு கட்டங்கள், அவ்வளவுதான் விஷயம்.

கேட்கும் வழி நேரிலிருந்து இணையத்துக்கு மாறுவதும் இதே அளவுக்குப் பெரியது. அமெரிக்காவின் பொதுச் சமூக ஆய்வு 1972 முதல் பெரும்பாலும் நேர்காணலாக நடந்துவந்தது, பெருந்தொற்றால் 2021இல் முக்கியமாக இணையத்துக்குப் போனது. முகத்துக்கு நேராக ஒருவரிடம் சொல்லத் தயங்குவதைத் திரையில் தட்டிவிடுவோம். குடும்ப வன்முறை, குடி, மனச்சோர்வு, மதம், சாதி, இன வெறுப்பு மாதிரி விஷயங்களில் இந்தத் தயக்கத்தின் அளவு மாறுவதே 'போக்கு' மாதிரித் தெரிந்துவிடும்.

காவல்துறைப் பதிவுகளை வைத்து வேலை செய்கிறவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. பதிவான குற்றம் என்பது நடந்தது, அதில் புகாரானது, அதில் பதிவானது என்று மூன்று சல்லடை தாண்டி வந்த எண். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2002இல் குற்றங்களைப் பதிவு செய்வதற்கு ஒரே சீரான தேசியத் தரநிலையைக் கொண்டுவந்த பிறகு, காவல்துறைப் பதிவுகளில் வன்முறைக் குற்றங்கள் ஏறின. மக்களிடம் நேரடியாகக் கேட்கும் குற்ற ஆய்வு அப்படியொரு ஏற்றத்தைக் காட்டவில்லை. இந்தியாவின் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம், ஒரே முதல் தகவல் அறிக்கையில் பல குற்றங்கள் இருந்தால் மிகக் கடுமையான ஒன்றை மட்டுமே எண்ணுகிறது. முடிந்தால் பதிவு எண்ணையும் கருத்தாய்வு எண்ணையும் இரண்டு தனிக் கோடுகளாக வையுங்கள், இரண்டும் எதிர்த் திசையில் போனால் அதுவே பெரிய செய்தி.

## 6. இப்போது எண்களை எடுங்கள்

ஒரு வரிக்கு ஓர் எண். பக்கத்திலேயே பதிப்பு, பக்க எண், அட்டவணை எண், எத்தனை பேரிடம் கேட்டது. வரைபடத்தைப் பார்த்துக் குத்துமதிப்பாக எடுக்காதீர்கள், அட்டவணையிலிருந்தே எடுங்கள்.

சில அறிக்கைகளில் சில எண்கள் அடைப்புக்குறிக்குள் இருக்கும், சில இடங்களில் எண்ணுக்குப் பதில் நட்சத்திரக் குறி இருக்கும். பல நாடுகளில் நடக்கும் மக்கள்தொகை, சுகாதார ஆய்வுகளில் அடைப்புக்குறி என்றால் 25 முதல் 49 பேரை மட்டும் வைத்துக் கணக்கிட்டது என்று பொருள், நட்சத்திரம் என்றால் 25க்கும் குறைவு, அதனால் எண்ணையே தரவில்லை. எண்ணை எடுக்கிறவர் அடைப்புக்குறியை அலங்காரம் என்று நினைத்து அழித்துவிடுவார். அழிக்காமல் அப்படியே ஒட்டினாலும் ஆபத்துதான், எக்செல் (34.2) என்பதை மைனஸ் 34.2 என்று வாசிக்கும். ஒட்டியவுடன் மிகச் சிறிய மதிப்பு எது என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

## 7. மாற்றம் மாதிரிப் பிழையைத் தாண்டுகிறதா என்று சோதியுங்கள்

எல்லோரிடமும் கேட்காமல் சிலரிடம் மட்டும் கேட்பதால் எண்ணில் வரும் தடுமாற்றம்தான் மாதிரிப் பிழை. ஒரு கற்பனைக் கணக்கு. இரண்டு சுற்று, ஒவ்வொன்றிலும் 1,600 பேர். முதல் சுற்றில் 40%, இரண்டாவதில் 37%. தலைப்பு தயார்: '3 புள்ளி சரிவு'.

ஆட்களைத் தனித்தனியாகக் குலுக்கலில் தேர்ந்தெடுத்திருந்தால் 40%க்குத் திட்டப்பிழை (அந்தத் தடுமாற்றத்தின் அளவு) சுமார் 1.2 புள்ளி. ஆனால் வீட்டு ஆய்வுகளில் ஊர் ஊராகத் தேர்ந்தெடுத்து, ஒரே ஊரில் பல வீடுகளைக் கேட்பார்கள். ஒரே ஊர்க்காரர்கள் ஒருவரையொருவர் ஒத்திருப்பதால் 1,600 பேரிடம் கேட்டாலும் கிடைக்கும் தகவல் அதைவிடக் குறைவு. இதற்கான வடிவமைப்பு விளைவு 2 என்று வைத்தால் திட்டப்பிழை 2இன் வர்க்கமூலம் மடங்கு கூடி 1.7 ஆகும். இரண்டு சுற்றின் பிழையையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் வித்தியாசத்தின் திட்டப்பிழை ஏறக்குறைய 2.4, அதை 95% நம்பிக்கைக்கான 1.96ஆல் பெருக்கினால் 4.8. நம் 3 புள்ளி அதற்குள் அடங்கிவிட்டது. குறைந்திருக்கலாம், குறையாமலும் இருக்கலாம். இந்த இரண்டு சுற்றை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

இதில் இரண்டு தவறுகள் சகஜம். ஒன்று, இரண்டு எண்களின் நம்பிக்கை இடைவெளிகள் (எண்ணின் இருபுறமும் அதன் பிழையை வைத்துப் போடும் எல்லைகள்) கொஞ்சம் உரசினாலே "மாற்றம் இல்லை" என்று முடித்துவிடுவது. அதே கணக்கில் 40%உம் 34.5%உம் என்றால் இடைவெளிகள் 36.6-43.4, 31.2-37.8 என்று ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கும், ஆனாலும் 5.5 புள்ளி வித்தியாசம் இந்த எண்களுக்கான 4.7 என்ற எல்லையைத் தாண்டிவிடுகிறது. எப்போதும் வித்தியாசத்தைச் சோதியுங்கள், இடைவெளிகளைக் கண்ணால் ஒப்பிட்டு முடிவு செய்யாதீர்கள். இரண்டு, "சோதனையில் தேறவில்லை" என்பதை "எதுவும் மாறவில்லை" என்று எழுதுவது. அது வேறு, இது வேறு.

திட்டப்பிழைகள் பெரும்பாலும் அறிக்கையின் பின்னிணைப்பில் குறிகாட்டிவாரியாகத் தரப்பட்டிருக்கும், நீங்களே கணக்குப் போட வேண்டியதில்லை. பிசா போன்ற தேர்வு வகை ஆய்வுகளில் இதற்கு மேல் இணைப்புப் பிழை என்ற ஒன்றும் உண்டு, வெவ்வேறு ஆண்டுத் தேர்வுகளை ஒரே அளவுகோலில் பொருத்துவதால் வருவது. ஆண்டுகளுக்கிடையே ஒப்பிடும்போது அதையும் சேர்க்க வேண்டும்.

## 8. தொடர் முறிந்த இடத்தில் என்ன செய்வது

4ஆம், 5ஆம் படியில் மாற்றம் எதையாவது பிடித்திருப்பீர்கள். மூன்று வழி இருக்கிறது.

முதல் வழி, நபர்வாரித் தரவை வாங்கி எல்லாச் சுற்றையும் ஒரே வரையறையில் நீங்களே கணக்கிடுவது. பல ஆய்வுகள் பதிவு செய்துகொண்டால் இலவசமாகவே தருகின்றன. 3 வயதுக்குட்பட்டவர்கள், 5 வயதுக்குட்பட்டவர்கள் போன்ற பிரச்சினை இதில் தீரும்: எல்லாச் சுற்றிலும் 3 வயதோடு நிறுத்திவிடலாம். ஆனால் கேள்வியே மாறியிருந்தால் இது உதவாது. கேட்காததைக் கணக்கிட முடியாது.

இரண்டாவது, பாலம் இருக்கிறதா என்று தேடுவது. அமெரிக்காவின் மாதாந்திரத் தொழிலாளர் ஆய்வு 1994இல் வினாப்பட்டியலை மாற்றியது. முந்தைய கேள்வி "போன வாரம் முக்கியமாக என்ன செய்தீர்கள், வேலையா, வீட்டைப் பார்த்துக்கொண்டீர்களா" என்ற தோரணையில் இருந்ததால் பெண்களின் பகுதிநேர வேலைகள் விடுபட்டன. மாற்றுவதற்கு முன் ஒன்றரை ஆண்டு புதிய வினாப்பட்டியலைத் தனி மாதிரியில் இணையாக ஓட்டிப் பார்த்தார்கள். இப்படி இரண்டு முறையும் ஒரே காலத்தில் ஓடிய பகுதி இருந்தால், மாற்றத்தால் மட்டும் எவ்வளவு ஏறியது என்று தெரியும். அந்தத் திருத்தத்தை ஆய்வு நடத்தியவர்களே தந்திருந்தால் பயன்படுத்துங்கள், நீங்களாக ஒன்றைத் தயாரிக்காதீர்கள்.

மூன்றாவது, கோட்டை உடைத்துவிடுவது. மாறிய இடத்தில் செங்குத்துக் கோடு, இரு பக்கமும் தனித்தனித் துண்டு, கீழே ஒரு வரி விளக்கம். பார்க்க அழகாக இருக்காது, ஆனால் சந்தேகம் வரும்போதெல்லாம் நான் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன். சுமாரான திருத்தத்தோடு நீளமான கோட்டைவிட நம்பகமான இரண்டு குட்டைத் துண்டுகள் மேல்.

## 9. கால அச்சைச் சரியாகப் போடுங்கள்

சுற்றுகளுக்கு இடையே உள்ள இடைவெளி சமமாக இருப்பதில்லை. தேசிய குடும்ப நல ஆய்வின் முதல் ஐந்து சுற்றுகள் 1992-93, 1998-99, 2005-06, 2015-16, 2019-21 என்று நடந்தன. எக்செலின் சாதாரணக் கோட்டுப் படம் இவற்றைச் சம தூரத்தில் வைத்துவிடும். பத்தாண்டும் நான்காண்டும் ஒரே அகலம். சிதறல் படத்தை (Scatter) தேர்ந்தெடுத்து, களப்பணியின் நடு மாதத்தை அச்சில் போடுங்கள்.

இது வெறும் அழகு விஷயமல்ல. வயதுக்கேற்ற உயரமின்மை 48% (2005-06), 38.4% (2015-16), 35.5% (2019-21). சுற்றுக்குச் சுற்று பார்த்தால் 9.6 புள்ளி இறக்கம், அடுத்து வெறும் 2.9. முன்னேற்றம் நின்றே போனது என்று தோன்றும். ஆண்டுக்கு எவ்வளவு என்று வகுத்தால் ஏறக்குறைய 1 புள்ளி, அப்புறம் சுமார் 0.7. வேகம் குறைந்திருக்கிறது என்று சொல்லலாம், நின்றது என்று சொல்ல முடியாது.

சதவீதமும் சதவீதப் புள்ளியும் வேறு என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான், இருந்தும் தவறு வந்துகொண்டே இருக்கிறது: 48இலிருந்து 38.4 என்பது 9.6 புள்ளி, அல்லது 20 சதவீதம் குறைவு. மக்கள்தொகை வளர்ந்துகொண்டிருந்தால் சதவீதம் இறங்கும்போதே ஆட்களின் எண்ணிக்கை ஏறவும் கூடும், ஆகவே எதைச் சொல்கிறீர்கள் என்று முடிவு செய்துகொண்டு கடைசிவரை அதையே சொல்லுங்கள்.

## 10. எழுதும்போது வாக்கியங்களைக் கட்டுப்படுத்துங்கள்

இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை ஒவ்வொரு சுற்றிலும் புதிய ஆட்களிடம் கேட்பவை. அதனால் "2015இல் ஏழைகளாக இருந்தவர்களில் பாதிப் பேர் மீண்டுவிட்டார்கள்" என்று எழுத முடியாது. 'அவர்கள்' யார் என்று ஆய்வுக்கே தெரியாது. பாதிப் பேர் மீண்டிருக்கலாம், அல்லது முக்கால்வாசி மீண்டு புதிதாகக் கால்வாசிப் பேர் விழுந்திருக்கலாம். அதே ஆட்களைப் பல ஆண்டு பின்தொடரும் ஆய்வு இருந்தால்தான் அப்படி எழுதலாம். எத்தியோப்பியா, இந்தியா, பெரு, வியட்நாம் நாடுகளில் குழந்தைகளை 2002 முதல் பின்தொடரும் யங் லைவ்ஸ் அந்த வகை.

மொத்த எண் மாறும்போது உள்ளே யார் கூடினார்கள் என்றும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். முதியவர்களின் பங்கு கூடிய நாட்டில், எந்த வயதுக்காரரின் உடல்நிலையும் மோசமாகாமலேயே நோயாளிகளின் சதவீதம் ஏறும். வயதுவாரியாகப் பிரித்து வைத்தால் இது உடனே தெரியும்.

தொடக்க ஆண்டை ஒரு சுற்று முன்னோ பின்னோ நகர்த்திப் பாருங்கள். உங்கள் முக்கிய வாக்கியம் அதற்கே கவிழ்ந்துவிட்டால் அந்த வாக்கியத்தை எடுத்துவிடுங்கள். விமர்சகர்கள் முதலில் செய்து பார்ப்பதும் இதைத்தான்.

காரணம் சொல்லும் ஆசைக்கும் கடிவாளம் வேண்டும். 'திட்டம் வந்த பிறகு குறைந்தது' என்பதற்கும் 'திட்டத்தால் குறைந்தது' என்பதற்கும் நடுவே இந்த வகை அறிக்கைகளால் தாண்ட முடியாத இடைவெளி இருக்கிறது. முதலாவதை எழுதுவதற்கே, திட்டம் வருவதற்கு முன்பும் அதே வேகத்தில் குறைந்துகொண்டிருந்ததா என்று பார்த்திருக்க வேண்டும்.

## 11. அடுத்த சுற்று வெளியாகும்போது

புதிய எண்ணைக் கோட்டின் வால் நுனியில் ஒட்டவைத்துவிட்டு வேலையை முடிக்காதீர்கள். 2ஆம் படிக்குத் திரும்பிப் போய், புதிய சுற்றுக்கு ஒரு வரி சேர்த்து, போக்கு அட்டவணையில் பழைய எண்கள் ஏதாவது திருத்தப்பட்டிருக்கிறதா என்று ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். ஒரே ஒரு பழைய எண் மாறியிருந்தாலும் மொத்தக் கோட்டையும் புதிய பதிப்பிலிருந்து மறுபடி எடுங்கள். பழைய கோப்பை அழிக்காமல் தேதி போட்டுத் தனியாக வையுங்கள், முன்பு நீங்கள் வெளியிட்ட எண் ஏன் இப்போது வேறாக இருக்கிறது என்று யாராவது கேட்டால் காட்டுவதற்கு அது தேவைப்படும். நாட்குறிப்பு சரியாக இருந்தால் இந்த மறுவேலை அதிகபட்சம் ஒரு மதியப் பொழுது.